கணவாய்க் காத்தும் எங்க ஊர்க் கூரைகளும்

சென்னையில இருக்கிற எங்க அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, திருப்பூர் பக்கம் காத்துல வீட்டுக் கூரை பறந்துச்சுன்னு செய்தியில காட்டறாங்க. கடலே இல்லாத ஊர்ல எங்கிருந்து மாமா புயல் வருது?"ன்னு கேட்டான். போன்ல ரெண்டு வார்த்தையில என்னமோ பதில் சொல்லி வெச்சுட்டேன். ஆனா அது ரெண்டு வார்த்தையில முடியற சமாச்சாரம் இல்லீங்க. எங்க ஊர்க் காத்துக்கு ஒரு கதை இருக்கு. எங்க ஊர்க் கூரைகளுக்கும் ஒரு கதை இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் விளங்கும். அதுக்குள்ள நான் பண்ணின தப்பு ஒண்ணும் இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

மலையில ஒரு சந்து

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் மதில் மாதிரி நிக்குது. அந்த மதில்ல பெரிய உடைப்பு ஒரே ஒரு இடத்துலதான். வடக்கே நீலகிரி, தெக்கே ஆனைமலை, நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாத தரை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கோயமுத்தூர்ல இருந்து பாலக்காட்டுக்கு ரயில்ல போறவங்களுக்கு ஒரு பெரிய மலைத்தொடரைத் தாண்டறோம்கிற நெனப்பே வராது.

வைகாசி கடைசியில தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து கெளம்பி வருது. மலை மேல மோதற காத்து அங்கயே மேல ஏறி மழையக் கொட்டிடுது. கணவாய்க்கு நேரா வர்ற காத்துக்கு மோதறதுக்கு ஒண்ணும் இல்லை. வாய்க்கால் தண்ணி மடைவாயில நுழையறப்ப வேகம் எடுக்குமே, அதே மாதிரி சந்துல நெருக்கிக்கிட்டு வேகமா இந்தப் பக்கம் வந்து விழுது. கோயமுத்தூர், சூலூர், பல்லடம், உடுமலை, தாராபுரம்னு விசிறி மாதிரி விரிஞ்சு அடிக்கும். மழை கேரளாவுக்கு, காத்து எங்களுக்கு. எப்பவாச்சும் முகத்துல தெளிக்கிற அளவுக்குச் சாரல் வரும், அவ்வளவுதான்.

"ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்"கிற பழமொழி தமிழ்நாடு பூராவும் இருக்கு. பல்லடத்துக்குத் தெக்கால இருக்கிற எங்க ஊர்ல வந்து ஒரு ஆடி மாசம் இருந்து பாருங்க. ராத்திரி பகல் ஓயாது. வாசல்ல கோலம் நிக்காது. கயித்துல போட்ட வேட்டி பக்கத்துக் காட்டு வேலியில கெடக்கும். ரெண்டு பேர் பேசணும்னா மறைவுக்குப் போய் நின்னுதான் பேசணும்.

இது ஒரு காத்து. இன்னொரு காத்தும் இருக்கு. அது சித்திரை, வைகாசியில கோடை மழையோட வர்ற சூறைக்காத்து. மத்தியானம் பூராவும் வெயில் கொளுத்தும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு பக்கம் கறுத்துக்கிட்டு வரும். மேகத்துக்குள்ள குளுந்த காத்து மழையோட சேர்ந்து பொத்துன்னு கீழ எறங்கித் தரையில அடிச்சு நாலாபக்கமும் சிதறும். அரைமணி நேரம் அடிச்சா அதிகம். எந்தத் திசையில இருந்து வரும்னும் சொல்ல முடியாது. தார் போட்டு நிக்கிற வாழைத் தோட்டம் அந்த அரைமணி நேரத்துல படுத்துடும்.

ஆடிக்காத்து மாசக்கணக்கா அடிக்கிறது, ஆனா எந்தப் பக்கம் இருந்து வரும்னு தெரியும். கோடைக்காத்து கொஞ்ச நேரந்தான், ஆனா எந்தப் பக்கம் இருந்தும் வரும். முதல் காத்து ஆணியையும் கட்டையும் ஆட்டி ஆட்டித் தொளையப் பெருசாக்கி வெச்சுட்டுப் போகும். அடுத்த வருஷம் வர்ற ரெண்டாவது காத்து தூக்கிட்டுப் போகும். இது எனக்குப் புரியறதுக்கே அம்பது வயசு ஆயிடுச்சு.

அப்பாருவோட சாளை

எங்க அப்பாரு, அதாவது எங்கய்யனோட அப்பா, தோட்டத்துல சாளை போட்டுத்தான் குடியிருந்தாரு. சாளைன்னா கூரை வீடு. மண் சுவர். சுவர் ஆள் உயரத்துக்கு மேல கொஞ்சம்தான். கூரை நல்ல சரிவா எறங்கி வந்து எறவாரம் இடுப்பு உயரத்துல நிக்கும். உள்ள போகணும்னா குனிஞ்சுதான் போகணும். சின்னப் பையனா இருந்தப்ப, "ஏன் அப்பாரு இவ்வளவு தாழ்வா போட்டிருக்கீங்க"ன்னு கேட்டிருக்கேன். "நாம குனிஞ்சு போனா காத்து நமக்கு மேல போயிரும் கண்ணு"ன்னு சொல்லுவாரு.

மேல பனையோலை. அதுக்கு அடியில சோளத்தட்டு. கட்டறதுக்குப் பனை நாரு, கத்தாழை நாரு. ஒரு ஆணி கிடையாது. காத்து அடிக்கறப்ப கூரை பூராவும் மூச்சு விடற மாதிரி அசையும், ஆனா கட்டு விடாது. மேக்குப் பக்கம் வாசலும் வெக்க மாட்டாங்க, சன்னலும் வெக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் மாட்டுத்தீவனத் தட்டுப்போரும் பட்டியும் இருக்கும். காத்து முதல்ல போர்ல மோதும். அதுக்கும் மேக்க கிளுவை வேலி. காங்கயம், தாராபுரம் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க, கொறங்காடுன்னு சொல்ற மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி உயிர்வேலி இருக்கும். ஆடு மாடு தாண்டாம இருக்கத்தான் அந்த வேலின்னு எல்லாரும் நெனக்கிறோம். அது காத்துக்கும் வேலிதான். மதில் சுவர்ல மோதற காத்து மேல ஏறிக் குதிச்சு அந்தப் பக்கம் சுழலும். கிளுவை வேலியில பாதி உள்ள புகுந்து பாதி மேல போறதால சுழலாம வேகம் மட்டும் கொறையும்.

வேலி ஓரமா வரிசையா பனை. ஓலையும் நாரும் பனை குடுக்கும், காத்தையும் பனை வாங்கும்.

சாளைக்குக் குறை இல்லைன்னு சொல்ல வரலீங்க. ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா மேய்ச்சல் மாத்தணும். அடுப்புப் பொறி ஒண்ணு பறந்தா ஆடிக்காத்துல வளவே எரிஞ்சு போயிடும். அந்த மாசத்துல பொழுது சாயறதுக்கு முன்னாடியே அடுப்பை அணைச்சுடுவாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். காத்தைவிட காத்தோட சேர்ந்த நெருப்புக்குத்தான் பயந்திருக்காங்க. ஓலை பறந்து போனா மறுநாள் வேற ஓலை வெட்டிக்கலாம். பறந்த ஓலை யார் மேல விழுந்தாலும் உசுரு போகாது.

கணவாய் வழியா வந்த ஓடு

காத்து வந்த அதே சந்து வழியாத்தான் ரயிலும் வந்துச்சு. சென்னையில இருந்து அரபிக்கடல் ஓரத்துல பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862ல முடிஞ்சது. திருப்பூர் அந்தப் பாதையில ஒரு ஸ்டேஷன். மூணு வருஷம் கழிச்சு 1865ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க மெஷின்ல அழுத்தி ஓடு செய்யற தொழிற்சாலை போட்டாங்க. அப்புறம் கள்ளிக்கோட்டைப் பக்கம் ஃபெரோக் வரைக்கும் ஆத்தோரக் களிமண்ணை நம்பி வரிசையா ஓட்டுக் கம்பெனிகள் வந்துச்சு. அந்த ஓடு கணவாய் வழியா எங்க பக்கம் வந்து எறங்குச்சு. எங்க ஊர்ல அதுக்குச் சீமை ஓடுன்னு பேரு. அதுக்கு முந்தி வசதியானவங்க குயவர் கையால செஞ்ச நாட்டோடு போட்டிருந்தாங்க. ஓட்டு வீட்டை எங்க பக்கம் வில்லை வீடுன்னு சொல்லுவாங்க.

எங்கய்யன் 1966ல, நான் பொறக்கறதுக்கு மூணு வருஷம் முந்தி, வில்லை வீடு கட்டினாரு. பருத்தி வித்த காசு. நடுவுல ஆசாரம், ரெண்டு பக்கம் அறை, முன்னால தாவாரம். அப்பாரு அப்பவும் வந்து நின்னு மேக்குச் சுவர்ல சன்னல் வெக்க விடலையாம். ஒவ்வொரு ஓட்டோட முதுகுலயும் கம்பெனிப் பேரு இங்கிலீஷ் எழுத்துல பொடைப்பா இருக்கும். நான் இங்கிலீஷ் எழுத்தை முதமுதல்ல தடவிப் பார்த்தது எங்க வீட்டு ஓட்டுலதான்.

அந்த ஓட்டுக் கூரை காத்தை எப்படித் தாங்குதுன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு ஓடு ரெண்டு, ரெண்டரை கிலோ. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு. ஆக சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்குக் கொறையாத கனம் மேல ஒக்காந்திருக்கு. அது மட்டும் இல்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல சந்து இருக்கு. கூரைக்கு மேல காத்து உறிஞ்சினா உள்ள இருக்கிற காத்து சந்து வழியா கசிஞ்சு போயிடும். மேலயும் கீழயும் அழுத்தம் ஓரளவு சமம் ஆயிடும். ரொம்ப பலமா அடிச்சா ஓரத்துல, முகட்டுல இருக்கிற பத்து ஓடு எகிறும். பத்து எகிறினதும் அந்த ஓட்டை வழியா காத்து வெளிய போயிடும், மிச்சம் அப்படியே ஒக்காந்திருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் ஆடி முடிஞ்சதும் எங்கய்யன் ஏணி போட்டு ஏறி எத்தனை ஓடு போச்சுன்னு எண்ணுவாரு. இருபது, முப்பது. எறவாரத்துக்கு அடியில ஒரு நூறு ஓடு எப்பவும் அடுக்கி வெச்சிருப்பாரு. மத்தியானத்துக்குள்ள மாத்திட்டு எறங்கிடுவாரு. காத்து வருஷா வருஷம் கொஞ்சம் வாங்கிக்கும், நாமளும் குடுத்துக்கிட்டே இருந்தோம். மொத்தமா என்னைக்கும் கேட்டதில்லை.

ஷீட் வந்த கதை

1980களுக்கு அப்புறம் எங்க ஊரு மாறின வேகம் உங்களுக்குத் தெரியும். திருப்பூர் பனியன் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பிச்சது. பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டுக்கு வீடு தறி. எங்க கிணத்துல தண்ணி கீழ போகப் போக, வெவசாயி ஒவ்வொருத்தனும் வேற ஒரு வருமானம் தேடினோம். ஒருத்தர் தறி குடோன் போட்டாரு. ஒருத்தர் கோழிப்பண்ணை போட்டாரு. ரோட்டோரம் நெலம் இருந்தவங்க பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டாங்க. தெக்குச் சீமையில இருந்தும், அப்புறம் ஒடிசா, பீகார்ல இருந்தும் சனங்க வந்துக்கிட்டே இருந்தாங்க.

இது எல்லாத்துக்கும் ஒரே கூரை. சிமெண்ட் ஷீட், இல்லாட்டி தகர ஷீட். ஓடு போடணும்னா கைமரம், ரீப்பர், ஆசாரி கூலின்னு ஏகப்பட்ட செலவு. ஷீட்டுன்னா வெல்டிங் பட்டறையில நாலு இரும்புப் பைப்பு வாங்கி, ரெண்டு நாள்ல மூடிடலாம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஓட்டு வீடாத்தான் கட்டணும்னு இருந்திருந்தா பாதிப் பேருக்குத் தறியும் இருந்திருக்காது, வாடகையும் வந்திருக்காது.

ஆனா ஷீட்டோட கணக்கு வேற. பத்தடி சிமெண்ட் ஷீட் ஒண்ணு சுமார் 40 கிலோ. அதே அளவு தகர ஷீட் 15 கிலோதான் வரும். காத்தோட பலம் வேகத்தோட சேர்ந்து ஏறாது, வேகத்தோட வர்க்கமா ஏறும். வேகம் ரெட்டிச்சா பலம் நாலு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் காத்துன்னா ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தம். 72 கிலோமீட்டர்னா 24 கிலோ. அந்த வேகத்துல ஒரு பத்தடி ஷீட்டை மேல இழுக்கிற பலம் 75 கிலோவுக்குப் பக்கம் வந்துடும். சிமெண்ட் ஷீட்டோட சொந்தக் கனமே அதுல பாதிதான். மிச்சத்தை ஆணியும் போல்ட்டும்தான் புடிச்சுக்கணும்.

காத்து கூரையத் தள்ளும்னுதான் நாம நெனக்கிறோம். உண்மையில அது தூக்குது. தாழ்வான சரிவு இருக்கிற கூரை மேல காத்து வேகமா ஓடறப்ப மேல அழுத்தம் கொறைஞ்சு உறிஞ்சும். ஓரத்துலயும் மூலையிலயும்தான் இழுப்பு ஜாஸ்தி. அந்த நேரத்துல காத்து வர்ற பக்கம் ஒரு கதவோ சன்னலோ தெறந்தா போச்சு. உள்ள புகுந்த காத்து கீழ இருந்து முட்டும், வெளிக்காத்து மேல இருந்து இழுக்கும். ஷீட்டுல சந்து கிடையாது. ஓட்டுல பத்து போய் மத்தது தப்பிக்கற கதை இதுல நடக்காது. ஒரு ஓரம் விட்டா, காத்து அடியில புகுந்து வரிசையா உரிச்சுட்டுப் போகும்.

இந்திய தர நிர்ணயத்துல காத்துக்குன்னே ஒரு விதி இருக்கு, ஐ.எஸ். 875 மூணாம் பாகம். அதுல கோயமுத்தூருக்குப் போட்டிருக்கிற அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். எங்க பக்கம் கட்டற கட்டடம் அப்படி ஒரு காத்து எப்பவோ ஒருக்கா வரும்னு நெனச்சுக் கட்டணும்னு அர்த்தம். சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல. நான் லைன் வீடு கட்டறப்ப இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னாரு, நான் கேக்கலை.

அந்தச் சாயங்காலம்

சுமார் பத்து வருஷம் முந்தி, எங்க வில்லை வீட்டுக்குக் கெழக்க அறுபதடி தள்ளி நாலு லைன் வீடு கட்டினேன். ஒத்தைச் சாய்ப்பு, மேல தகர ஷீட். ஆடிக்காத்தை நெனச்சு மேக்குப் பக்கம் தாழ்வாவும் சன்னல் இல்லாமலும் வெச்சேன். அவ்வளவு தூரம் அப்பாரு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. கெழக்கால ஒசரம். அந்தப் பக்கம் வாசல், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல சூடு போறதுக்கு ஒரு அடி சந்து.

ஷீட் போட்ட பிட்டர் ஒரு பெரியவர். "ஓரத்து ஷீட்டுக்கு நெருக்கமா போல்ட் போடணுமுங்க. பைப்பைச் சுவர்ல சும்மா ஒக்கார வெச்சாப் பத்தாது, கம்பி வெச்சுக் காங்கிரீட் பெல்ட்டுல புடிக்கணும்"னு சொன்னாரு. அதுக்குத் தனியா செலவு ஆகும்னாரு. ஏற்கெனவே கடன் வாங்கித்தான் கட்டிக்கிட்டு இருந்தேன். "போதும் விடுங்கண்ணா, மேக்க தாழ்வாத்தானே இருக்கு, ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டு முடிங்க"ன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசலை.

மூணு ஆடி நல்லாத்தான் போச்சு. ஷீட் படபடன்னு அடிக்கும். வாடகைக்கு இருந்தவங்க சொல்லுவாங்க. காத்து ஊர்ல அது சகஜம்னு நானும் சொல்லுவேன். ஒவ்வொரு படபடப்புக்கும் போல்ட்டுத் தொளை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகுதுன்னு தோணலை.

நாலாவது வருஷம் சித்திரைக் கடைசி. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். கறுப்பு கெழக்க இருந்து வந்துச்சு. நான் மாட்டைப் புடிச்சுக் கட்டுத்தரையில கட்டிக்கிட்டு இருந்தேன். முதல்ல மண்ணு, அப்புறம் காத்து, அப்புறம் கண்ணு தெறக்க முடியாத மழை. லாரி டயர் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா ரெண்டாவது, மூணாவது வீட்டுக் கூரை பைப்போட சேர்ந்து எங்க வில்லை வீட்டு மேல பறந்து போகுது. ஒரு ஷீட் தென்னை மரத்துல பாதி எறங்கி நின்னுச்சு. மத்ததை மறுநாள் ரெண்டு காடு தள்ளிப் பொறுக்கினோம்.

ரெண்டாவது வீட்டுல இருந்தது விருதுநகர் பக்கத்துப் புருசன் பொஞ்சாதி. ரெண்டு பேருமே பனியன் கம்பெனி வேலை. கொழந்தை பொறந்ததால அந்தப் புள்ளை வீட்டுல இருந்துச்சு. எட்டு மாசக் கொழந்தை. சேலைத் தொட்டில் அந்தக் கூரைப் பைப்புலதான் கட்டியிருந்தாங்க.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மேல வெறும் வானம். அந்தப் புள்ளை மூலையில கொழந்தைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முதுகைக் காட்டிக் குந்தியிருந்துச்சு. தொட்டில் சேலை இல்லை, பைப்போட போயிடுச்சு. "ஷீட்டுச் சத்தம் ஒரு மாதிரி மாறுச்சுண்ணே, அதான் தொட்டில்ல இருந்து எடுத்துட்டேன்"னு சொல்லுச்சு. என்னையத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி அவங்களையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் எங்க ஆசாரத்துல படுக்க வெச்சோம். அதே காத்து எங்க வில்லை வீட்டு மேலயும்தான் அடிச்சுது. காலையில ஏறி எண்ணினேன். 23 ஓடு போயிருந்துச்சு. எறவாரத்துக்கு அடியில அடுக்கி வெச்சிருந்ததை எடுத்து, மத்தியானச் சோத்துக்கு முந்தி மாத்திட்டு எறங்கினேன். எறங்கி ஏணியில ஒக்காந்துக்கிட்டு லைன் வீட்டைப் பார்த்தேன். என்னைக்கும் அப்படி வெக்கப்பட்டதில்லை.

அந்தப் பிட்டரையே தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். இந்தத் தடவை அவரு சொன்ன மாதிரியே பெல்ட் போட்டுக் கம்பி வெச்சு, ஓரத்துல நெருக்கமா போல்ட் போட்டு, கெழக்குச் சந்தைச் சின்னதாக்கி ஹாலோ பிளாக் வெச்சு அடைச்சோம். ஒன்பது நாள் ஆச்சு. அதுவரைக்கும் அவங்க எங்க வீட்டுலதான் இருந்தாங்க. முதல்ல மிச்சம் புடிச்சதைப் போல மூணு மடங்கு செலவு. முன்னாடி போல்ட்டைக் கொறச்சு நான் மிச்சம் புடிச்ச காசு ரெண்டு மாச வாடகை கூட இல்லை.

காத்தை மதிக்கிறவங்க

எங்க காட்டுல இருந்து தெக்க பார்த்தா காத்தாடி மின்சார மெஷின் வரிசையா தெரியும். தமிழ்நாட்டுல அரசாங்கம் முதமுதல்ல 1986ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல காத்தாலை வெச்சாங்க. 1990கள்ல அது ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடுன்னு கணவாய் இருக்கிற எடமா பார்த்துப் பரவுச்சு. வரிச்சலுகை கெடச்சதால நூல்மில்லு, பனியன் கம்பெனிக்காரங்க நெறையப் பேர் எங்க பக்கம் நெலம் வாங்கி மெஷின் நிறுத்தினாங்க. எங்க கூரைய ஆட்டற காத்து அவங்க மில்லை ஓட்டுது.

அந்த மெஷின்ல வேலை பாக்கிற பையன் ஒருத்தன் எனக்கு ஒரு விஷயம் சொன்னான். வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் காத்துக்கு மேல போனா மெஷின் தானா நின்னுக்குமாம். ரெக்கையத் திருப்பிக் காத்துக்கு வழி விட்டுடுமாம். "அவ்வளவு காத்து இருக்கறப்ப ஓட்டினா நெறைய கரண்ட் வருமே தம்பி"ன்னேன். "மெஷின் இருந்தாத்தானுங்க மாமா நாளைக்கு கரண்ட்டு"ன்னான். அப்பாரு சாளைய தாழ்வா போட்டதும் இதுக்குத்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து. திருப்பூர்ல இருந்து துணிமணி ஏத்திக்கிட்டுப் போன லாரி ஒண்ணுல நானும் போனேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை வேரோட சாஞ்சு கெடந்துச்சு. இருபது, முப்பது வருஷத்து மரம். அதுக்கு நடுவுல பனை நின்னுக்கிட்டு இருந்துச்சு. வீடுகள்ல கூரை வீடும் ஷீட் வீடும்தான் அடி வாங்கியிருந்துச்சு. பறந்த ஷீட்டு அடுத்த வீட்டுச் சுவரைக் கிழிச்சிருந்துச்சு. கூரை போன வீட்டுக்குள்ள நின்ன ஒரு அம்மா எங்ககிட்ட துணி வேண்டாம்னு சொல்லிட்டு, தார்ப்பாய் இருக்கான்னு கேட்டாங்க. எங்ககிட்ட இல்லை.

இப்ப

எங்க ஊர்ல இப்ப மேக்குப் பக்கம் காடெல்லாம் சைட் ஆகுது. அளக்கிறதுக்கு முந்தி முதல் வேலையா ஜே.சி.பி. வெச்சுக் கிளுவை வேலியப் புடுங்கறாங்க. பனையச் சாய்க்கறாங்க. எங்க காட்டோட மேக்கு வரப்புல 11 பனை நிக்குது. அதை எடுத்துக் குடுத்தா வழிக்கு எடம் விட்டு நல்ல வெலை தர்றோம்னு ஒருத்தர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாரு. பையனுக்கு விக்கலாம்னு இருக்கு. அவன் சொல்றதுலயும் நாயம் இருக்கு, கடன் இருக்கு. நான் இன்னும் பதில் சொல்லலை. அந்த வரப்புக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல வேற ஒண்ணும் இல்லை.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். மொட்டை மாடியில துணி காயவும் வெயில் மறைக்கவும் ஷீட் போட்டிருப்பீங்க. நாலு பக்கமும் தெறந்த கூரை அது, காத்து மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வேலை செய்யும். கம்பம் மாடிக் காங்கிரீட்டுல எறங்கியிருக்கா, இல்லை நாலு ஆணியில நிக்குதான்னு ஒருக்கா பாருங்க. ஷீட் மேல கல்லு, டயரு வெச்சு அமுக்கி வெக்காதீங்க. காத்துல ஷீட்டுக்கு முந்தி அந்தக் கல்லுதான் கீழ தெருவுல போற ஆள் மேல விழும். ஓரத்துப் போல்ட்டை வருஷத்துக்கு ஒருக்கா முறுக்குங்க. படபடன்னு சத்தம் கேட்டா, சகஜம்னு விட்டுடாதீங்க.

அந்த விருதுநகர்க் குடும்பம் ரெண்டு வருஷம் இருந்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. கொழந்தை இப்ப பள்ளிக்கூடம் போகுதாம். தீபாவளிக்குப் போன் பண்ணுவாங்க. இப்ப அந்த வீட்டுல ஒடிசாப் பையனுங்க நாலு பேரு இருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை, ஆனி பொறக்கறதுக்கு முந்தி, அதுல ஒருத்தனை ஏணியப் புடிக்கச் சொல்லிட்டு மேல ஏறினேன். ஸ்பேனர் வெச்சு ஒவ்வொரு போல்ட்டா பார்த்தேன். ஆறு போல்ட் லூசா இருந்துச்சு. நாலை முறுக்கினேன். ரெண்டுக்குத் தொளை பெருசாயிடுச்சு, பெரிய வாசர் வாங்கிட்டு வரணும்.